பாடத்தைக் காத்து வைக்கும் பெட்டி



தொலைக்காட்சி நம் வீடுகளுக்குள் வரலாமா, கூடாதா என்று நம் பெரியவர்கள் வாதிட்ட காலத்தை நாற்பதைக் கடந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாதம் முடிவதற்குள் பெட்டி வீட்டிற்குள் வந்துவிட்டது. பிறகு அது சுருங்கிக் கைபேசியாகி ஒவ்வொருவர் சட்டைப் பைக்குள்ளும் புகுந்துகொண்டது. அந்தப் பழைய வழக்கை மீண்டும் திறக்க எனக்கு விருப்பமில்லை. நான் சொல்ல வருவது வேறொன்று. தொலைக்காட்சியில் வரும் பாடங்களை அவை வருகிற நேரத்தில் பார்க்காமல், நமக்கு உகந்த நேரத்தில் பார்ப்பதற்காக, எங்கள் மதரஸாவில் ஒரு சிறு கணினியை நாங்களே ஒன்றுசேர்த்தோம். அதைப் பற்றியது இக்கட்டுரை.

என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். நான் பொறியியல் கற்றவன் அல்லன். வரலாற்றை முதன்மைப் பாடமாகப் பயின்ற கலைப் பட்டதாரி. தென் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில், தங்கிப் பயிலும் பிள்ளைகளுக்கு ஆரம்ப அரபி இலக்கணமும், அத்துடன் தமிழும் சமூக அறிவியலும் கற்பிக்கிறேன். மின்கம்பியைத் தொட்டுப் பழகாத ஒருவன் இதை எழுதுவதில் ஒரு வசதி உண்டு. எனக்கு விளங்கிய அளவுக்குத்தான் என்னால் எழுத முடியும். எனக்கே விளங்கியது உங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கும்.

எங்கள் பிள்ளைகளில் சிலர் பத்தாம் வகுப்புத் தேர்வை மாநிலத் தேர்வில் தனித்தேர்வர்களாக எழுதுகிறார்கள். சிலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே எழுதுகிறார்கள். குர்ஆனை மனனம் செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்தச் சான்றிதழ் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் ஒருமுறை பாஸ்போர்ட் அலுவலகத்தின் வாசலில் நின்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவருக்குப் பெரும்பாலும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் கிடைக்கும். 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டப்படி, அதை வைத்திருப்பவர் சவூதி, அமீரகம், கத்தர், குவைத், ஓமான், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் தனி அனுமதி பெற்றாக வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிவது இந்த நாடுகளிலிருந்து வரும் பணத்தால் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பிள்ளை கணக்கில் தவறுவதும் தேறுவதும் அவனது குடும்பம் முழுவதற்குமான காரியம்.

பாடம் சொல்லித்தர ஆள் வேண்டுமே! தமிழும் சமூக அறிவியலும் என் கையில். ஆங்கிலத்திற்கு ஊரிலிருந்து ஒருவர் வருவார். கணக்கிற்கும் அறிவியலுக்கும் மாதச் சம்பளத்தில் ஆசிரியர் வைக்க எங்கள் வருமானம் இடம் தரவில்லை. ஆனால் அந்த இரண்டு பாடங்களையும் நல்ல ஆசிரியர்கள் வானத்திலும் கம்பியிலும் நாள்தோறும் நடத்திக்கொண்டிருந்தார்கள். தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட, வீட்டிலிருந்த பிள்ளைகளுக்கு அதுவே பள்ளியானது. நடுவண் அரசின் ஸ்வயம் பிரபா அதற்கும் முந்தியது. 2017 ஜூலையில் 32 அலைவரிசைகளுடன் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் திறந்தநிலைப் பள்ளிப் பாடங்களுக்கும் இடம் இருந்தது.

சிக்கல் நேரத்தில் இருந்தது. மதரஸாவின் நாள் பஜ்ருக்கு முன்பே தொடங்கிவிடும். காலை முழுவதும் ஓதல். லுஹருக்குப் பின் பழைய பாடத்தை ஒப்பித்தல். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் விளையாட்டு. பிள்ளைகளின் நாளில் அவர்களுக்கே உரிய நேரம் அந்த ஒன்றுதான். பாடத்திற்காக அதைப் பிடுங்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது நான் உறுதியாக மறுத்தேன், இன்றும் மறுப்பேன். மீதியிருப்பது இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம். பத்தாம் வகுப்புக் கணக்கு அந்த நேரத்தில் வரவேண்டும் என்று எந்த நிலையத்திற்கும் நாம் எழுதிப் போட முடியாது. ஆகவே பாடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிடித்து வைப்பது நமக்குப் புதிதும் அன்று. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் 1980களில் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்த வீடியோ பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். கலியாண வீடுகளின் கேசட்டுகளை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தோமே தவிர, அந்தப் பெட்டியின் முகப்பில் சிவப்புப் புள்ளியோடு இருந்த பதிவுப் பொத்தானை அழுத்தியவர்கள் எத்தனை பேர்? நேரத்தைக் குறித்து வைத்தால், நாம் இல்லாத வேளையிலும் அது தானே விழித்துப் பதிவு செய்யும். 180 என்று எண்ணிட்ட கேசட்டில் மூன்று மணி நேர நிகழ்ச்சி அடங்கும். உண்மையில் அந்தப் பொத்தானுக்காகவே அமெரிக்காவில் பெரிய வழக்கு ஒன்று நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். ஜப்பானில் கடைசி நிறுவனமும் 2016 இல் வீடியோ பெட்டி செய்வதை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே அந்த வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டிருந்தது. 1999 இல் டிவோ என்ற பெட்டி அமெரிக்க வீடுகளுக்கு வந்தது. 2002 இல் மித்டிவி என்ற இலவச மென்பொருள் பிறந்தது. வன்தட்டில் பதிவு செய்துகொள்ளும் வேலையை எவரும் தம் வீட்டுக் கணினியிலேயே செய்யலாம் என்ற நிலை அப்போதே உண்டாயிற்று.

2022 இன் தொடக்கத்தில் இந்த யோசனையை எங்கள் பெரிய ஹஜ்ரத்திடம் கொண்டு சென்றேன். உடனே மறுத்துவிடுவார் என்று மற்றவர்கள் எதிர்பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதில் எது வரும், எது வராது என்பதைத் தீர்மானிப்பவர் யார்?" என்று மட்டும் கேட்டார். இதைவிடச் சரியான கேள்வியை ஒரு பொறியியலாளரும் கேட்டிருக்க மாட்டார். "நாம்தான் ஹஜ்ரத். நாம் குறித்த பாடம் மட்டுமே வன்தட்டில் இருக்கும், குறிக்காதது உள்ளேயே வராது" என்றேன். "அப்படியானால் செய்து காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார்.

எங்களிடம் ஓதிச் சென்ற பழைய மாணவர் ஒருவர் கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவரைத் தேடிச் சென்றேன். பெரிய கணினி ஒன்றுக்கு விலை சொல்லப் போகிறார் என்று எண்ணியிருந்த என்னிடம் அவர், "பழைய சின்னக் கணினியே போதும் உஸ்தாத்" என்றார். எப்படிப் போதும்? அவர் விளக்கியதை வாசகர்களும் தெரிந்துகொள்வது நல்லது. இந்தக் காரியத்தின் சூட்சுமமே இங்குதான் இருக்கிறது.

ஒரு மணி நேரத் தொலைக்காட்சிப் படத்தை, பழைய தரத்தில், எதையும் சுருக்காமல் அப்படியே எழுதி வைத்தால் ஏறத்தாழ 75 ஜிகாபைட் இடம் பிடிக்கும். ஒரு நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றிலும் நீளத்தில் 720 புள்ளிகள், உயரத்தில் 576 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் விளங்கும். ஆகவே சுருக்கியாக வேண்டும். சுருக்குவதுதான் கடினமான வேலை. இருபது ஆண்டுகளுக்கு முன் வீட்டில் இத்தகைய கணினி அமைத்தவர்கள், சுருக்குவதற்கென்றே தனிச் சில்லு பொருத்திய அட்டைகளை வாங்கியதன் காரணம் அதுதான். ஆனால் செயற்கைக்கோள் வழியாக வரும் ஒளிபரப்போ நிலையத்திலேயே சுருக்கப்பட்டுத்தான் நம் கூரைக்கு வந்து சேருகிறது. நொடிக்கு 3 மெகாபிட் அளவில் வரும் ஓர் அலைவரிசை ஒரு மணி நேரத்தில் 1.35 ஜிகாபைட் மட்டுமே ஆகும். கணினி எதையும் சமைக்க வேண்டியதில்லை. வந்த சோற்றைப் பாத்திரத்தில் வாங்கி மூடி வைத்தால் போதும். அந்த வேலைக்குப் பழைய அலுவலகக் கணினி ஒன்று தாராளம்.

வானத்திலிருந்து வருவதற்கு மாதக் கட்டணமும் இல்லை. தூர்தர்ஷனின் இலவசச் செயற்கைக்கோள் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. டி.டி. ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் அறியப்படும் அந்தச் சேவை, 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 வழியே வரலாயிற்று. ஸ்வயம் பிரபாவும் அதே கோளில்தான். அந்தக் கோள் நிலநடுக்கோட்டின் மேல், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. எங்கள் ஊர் மாடியிலிருந்து தென்கிழக்கே திரும்பி, ஏறத்தாழ 70 பாகை தலையை அண்ணாந்தால் அதன் திசை. தில்லியில் இருப்பவர் 52 பாகை அளவுக்கு நிமிர்ந்தால் போதும். தெற்கே இருப்பதில் நமக்கு ஒரு லாபம் உண்டு; தென்னை மரமோ அண்டை வீட்டு மாடியோ குறுக்கே வருவது அரிது.

இனி வாங்கிய பொருள்களைச் சொல்கிறேன். பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட, ஒரு பெரிய அகராதியின் பருமனே உள்ள கணினி 8,500 ரூபாய். ஒரு டெராபைட் வன்தட்டு 3,500. செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கணினிக்குள் வாங்கித் தரும் யு.எஸ்.பி. பெட்டி 4,000. தட்டும் அதன் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யும் 1,300. இன்னொரு சிறு கருவிக்கு 900; அதன் கதை அடுத்து வரும். ஆக மொத்தம் 18,200 ரூபாய். ரியாத்தில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து அனுப்பிய பணத்தில் இது முடிந்தது. மென்பொருளுக்குச் செலவே இல்லை. லினக்ஸ் இயங்குதளம் இலவசம். அதன்மேல் பதிவு வேலையைச் செய்யும் டிவிஹெட்எண்ட் இலவசம். பதிந்ததைத் திரையில் காட்டும் கோடி என்பதும் இலவசம். உலகின் பல மூலைகளில் முகம் தெரியாத மனிதர்கள் எழுதிப் பொதுவில் விட்ட மென்பொருள்கள் இவை. வக்ஃபு என்ற சொல்லின் பொருளை மாணவர்களுக்கு விளக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கும்.

தட்டைப் பொருத்திய மாலையில் ஒரு வேடிக்கை நடந்தது. நான் ஒன்றைப் பதிவு செய்யும்போது இன்னொன்றைப் பதிவு செய்ய மற்றொரு பெட்டி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டியதில்லை என்றார் பழைய மாணவர். செயற்கைக்கோளிலிருந்து வரும் ஒவ்வோர் அலைக்கற்றையிலும் பல அலைவரிசைகள் ஒன்றாகப் பின்னப்பட்டு வருகின்றனவாம். கற்றையைப் பிடித்துவிட்டால் அதிலுள்ள அத்தனையையும் ஒரே நேரத்தில் பிரித்துப் பதியலாம். செய்தும் காட்டினார். ஒரே பெட்டி மூன்று பாடங்களைப் பதிந்துகொண்டிருந்தது. கணினியோ சூடேறக்கூட இல்லை.

கல்வித் தொலைக்காட்சியின் கதை வேறு. எங்கள் ஊரில் அது அரசு கேபிள் வழியாக வந்தது. கேபிளில் வரும் சமிக்ஞை பூட்டப்பட்டது. அதற்குரிய செட்டாப் பெட்டியைத் தவிர வேறெதற்கும் திறக்காது. பூட்டை உடைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. செட்டாப் பெட்டியின் பின்புறம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் வழியே வெளிவரும் படத்தையும் ஒலியையும் கணினிக்குள் வாங்கிக்கொண்டோம். அதற்குத்தான் அந்த 900 ரூபாய்க் கருவி. ஒரே தோற்றத்தில் கடைகளில் கிடைக்கும் இக்கருவிகளின் உள்ளே இருக்கும் சில்லு வெவ்வேறாக இருக்கும். லினக்ஸ் எந்தச் சில்லை அறியும் என்று முதலில் விசாரித்து, சில்லின் பெயரைச் சொல்லியே வாங்கினோம். இவ்வழியில் வரும் படத்தைக் கணினியே சுருக்கியாக வேண்டும். அப்போது மட்டும் அதன் விசிறி மூச்சு வாங்கும் ஓசை கேட்கும்.

செட்டாப் பெட்டிக்கு நாங்கள் வேறு வேலையே வைக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சியில் நிறுத்தி, ரிமோட்டை ஹஜ்ரத்தின் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம். அலைவரிசையை யாரேனும் மாற்றினால் அன்றைய பாடம் போய்விடும் என்பது தொழில்நுட்பக் காரணம். ஆனால் ஹஜ்ரத்துக்கு இந்த ஏற்பாட்டில் உண்டான மனநிறைவு அந்தக் காரணத்தினால் மட்டும் உண்டானதாக எனக்குத் தோன்றவில்லை.

கருவி ஓடத் தொடங்கிய பிறகு ஹஜ்ரத் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். "பிறர் உழைப்பில் உருவானதை நாம் எடுத்து வைத்துக்கொள்கிறோமே, அதற்கு நமக்கு உரிமை உண்டா?" இது அமானிதம் பற்றிய கேள்வி. தெரியாமல் விடை சொல்லக் கூடாது என்று, ஊரிலிருந்த வழக்கறிஞர் ஒருவரிடம் சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். 1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு இதை நேராகவே பேசுகிறது. ஒளிபரப்பைத் தம் சொந்தப் பயனுக்காகப் பதிவு செய்துகொள்வதும், நேர்மையான கற்பித்தலுக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் மட்டுமே பதிவு செய்வதும் ஒளிபரப்பாளரின் உரிமையை மீறியதாகாது. நாங்கள் செய்வது இரண்டாவது வகை. பூட்டப்பட்டதைத் திறப்பது பற்றி 2012 இன் திருத்தத்தில் 65அ என்று வேறொரு பிரிவு சேர்ந்தது. கட்டண அலைவரிசைகளின் பக்கமே நாங்கள் போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அமெரிக்க வழக்கைச் சொல்வதாகச் சொன்னேனே! வீட்டில் அமர்ந்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டியை விற்றதற்காக, சோனி நிறுவனத்தின் மீது திரைப்பட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1984 ஜனவரி 17 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்து வைப்பது குற்றமன்று என்பது அதன் சாரம். நீதிபதிகள் எடுத்துக்காட்டிய சாட்சியங்களில் ஒன்று, குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ரோஜர்ஸ் என்பவருடையது. தம் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்து வைத்து, பிள்ளைகளோடு சேர்ந்து வசதியான வேளையில் பார்ப்பதில் தமக்கு மறுப்பில்லை என்று அவர் சொல்லியிருந்தார். ஒரு வாக்கு வேறுபாட்டில் நின்ற அந்த வழக்கில், ஒரு குழந்தைகள் நிகழ்ச்சிக்காரரின் சொல்லும் தீர்ப்பின் ஏட்டில் ஏறியதை வரலாறு படித்தவன் என்ற முறையில் நான் வியந்து படித்தேன். ஹஜ்ரத்திடம் சொன்னபோது அவரும் புன்னகைத்தார்.

இதே கேள்வியின் இன்னொரு பக்கமும் பின்னர் எங்களிடம் வந்தது. பக்கத்து ஊர் மதரஸா ஒன்றிலிருந்து, பதிந்த பாடங்களையெல்லாம் ஒரு வன்தட்டில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். பிரதி எடுத்துக் கைமாற்றுவது சட்டம் தந்த எல்லைக்குள் வருகிறதா என்பதில் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குப் பதிலாக அவர்களுடைய ஆள் ஒருவரை இரண்டு நாள் எங்களிடம் தங்க வைத்து, இதே போன்ற கணினி ஒன்றை அமைக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினோம்.

வாசகர்களில் இளைய தலைமுறையினர், குறிப்பாகச் சகோதரிகள், இந்நேரம் ஒன்றைக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பாடங்களெல்லாம் யூடியூபிலேயே இருக்கின்றனவே, இவ்வளவு பாடு எதற்கு? நியாயமான கேள்வி. விடுதிப் பிள்ளைகளின் கையில் நாங்கள் கைபேசி தருவதில்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அதுவன்று. இணையத்தில் ஒரு பாடத்தைத் திறந்தால் அதன் பக்கத்தில் இன்னும் இருபது காட்சிகள் கையசைத்து அழைக்கின்றன. அவற்றை அங்கே வைத்தவர் நம் பிள்ளையின் நலனை எண்ணி வைத்தவர் அல்லர். இங்கே திரையைத் திறந்தால் பாடப்பெயர்கள் மட்டுமே தெரியும். 'கணக்கு', 'அறிவியல்', அவற்றின் கீழே தேதிகள். அவ்வளவே. பாடம் முடிந்தால் திரை சும்மா இருக்கும். திரை சும்மா இருப்பதைப் பார்க்கக் கொடுத்து வைக்க வேண்டும், வாசகர்களே! கட்டணச் சேவைக்காரர்கள் தரும் பதிவுப் பெட்டிகளும் உண்டு. ஆனால் அவற்றில் பதிந்தது பொதுவாக அந்தப் பெட்டிக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். வேறு கருவியில் ஓடாது.

இப்போது வகுப்பறைக்கு வாருங்கள். நேரத்தை மாற்றி வைப்பதற்காகவே இதை அமைத்தோம் என்று சொன்னேன். நாளடைவில், இதன் பெரும்பயன் நிறுத்துவதில் இருக்கிறது என்று கண்டேன். தொலைக்காட்சி ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவருக்கு எதிரே பிள்ளையின் முகம் இல்லை. விளங்காமல் விழிக்கும் கண்ணைப் பார்த்தால்தானே ஆசிரியர் நிறுத்துவார்? அவர் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். பதிந்த பாடத்திலோ அந்தக் கண்ணைப் பார்க்க அறையில் நான் இருக்கிறேன். என் கையில் பொத்தான் இருக்கிறது. கூட்டுத் தொடர்வரிசையின் கூடுதல் காணும் சூத்திரத்தை அந்த அம்மையார் பலகையில் எழுதி முடித்ததும் நிறுத்துவேன். எனக்கே அது அரைகுறையாகத்தான் தெரியும். "இவர் என்ன சொன்னார், யாராவது சொல்லுங்கள்" என்பேன். ஒருவன் பாதி சொல்வான், இன்னொருவன் மறுப்பான். திரும்ப ஓட்டுவோம். அரைமணிப் பாடம் சில நாள்களில் ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது.

ஒரு நாள் பின்னங்களைக் கூட்டுவதில் பிள்ளைகள் திணறினார்கள். பகுதி எண்கள் எட்டும் ஆறும். பொது எண் எது என்று திரையில் சொல்வதற்கு முன்பே நிறுத்திவிட்டு, "மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. சொத்தை எத்தனை பங்காக வைப்பீர்கள்?" என்று கேட்டேன். வாரிசுரிமைப் பாடம் ஓதும் மூத்த மாணவன் கண்ணிமைக்கும் நேரத்தில் "இருபத்து நான்கு" என்றான். இந்தக் கணக்கும் அந்தக் கணக்கும் ஒன்றுதான் என்பதை அதுவரை எவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. இயற்கணிதத்திற்குப் பெயர் தந்த நூலை எழுதிய அல்குவாரிஸ்மீ, அதில் பெரும்பகுதியைப் பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கே ஒதுக்கியிருந்தார் என்று அன்று சொன்னேன். திரை நெடுநேரம் உறைந்தே நின்றது. பாடம் எங்களிடையே நடந்துகொண்டிருந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் செயற்கைக்கோள் படம் கட்டம் கட்டமாக உடையும். அந்த அலைகளின் இயல்பு அது. கனத்த மழைத்துளிகள் அவற்றை விழுங்கிவிடும். ஸ்வயம் பிரபாவில் ஒரு நாளின் நான்கு மணி நேர நிகழ்ச்சியை அன்றே மேலும் ஐந்து முறை மறுபடி ஒளிபரப்புவது வழக்கம் என்பதால், இரவு இரண்டு மணி ஒளிபரப்பையும் சேர்த்துக் குறித்து வைத்துவிட்டோம். பகலில் மழை விழுங்கியதை இரவில் மீட்டுவிடுவோம். கடற்காற்றின் உப்பு, தட்டின் திருகாணிகளை மூன்றே மாதத்தில் அரிக்கத் தொடங்கியது, கிரீஸ் தடவினோம். நிகழ்ச்சி நிரல் எங்களுக்குச் சரிவரக் கிடைக்காததால் நேரத்தை நாங்களே குறித்தோம். பாடம் தொடங்க ஐந்து நிமிடம் முன்னும், முடிந்தபின் பத்து நிமிடமும் சேர்த்தே பதிவாகும். பிறகு வால்களை வெட்டிவிடுவோம். விளம்பரங்களும் அந்த வெட்டில் போய்விடும்.

மின்தடையைப் பற்றி நான் பெரிதும் அஞ்சினேன். அது வீண் அச்சம் என்று தெரிந்தது. செயற்கைக்கோள் ஒளிபரப்பு 188 பைட் அளவுள்ள சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையானது. நடுவில் மின்சாரம் போனால் அதுவரை வந்து சேர்ந்த பாடம் அப்படியே கிடைக்கும். மின்செலவும் குறைவு. இந்தச் சிறு கணினி எடுப்பது 12 வாட் அளவே. இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்திற்கு 17 யூனிட். பழைய பெரிய கணினி ஒன்றை 70 வாட்டில் ஓயாமல் ஓடவிட்டால் 100 யூனிட் போய்விடும். 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்குக் கிடைத்துவரும் கட்டணமில்லா 100 யூனிட் முழுவதையும் அது ஒன்றே குடித்துவிடும். வீட்டில் இதை அமைக்க நினைப்பவர்கள், பழையது சும்மா கிடக்கிறதே என்று பெரிய பெட்டியைத் தூக்கி வைக்க வேண்டாம்.

2023 ஏப்ரல் தேர்வை எங்களில் ஏழு பேர் எழுதினார்கள். ஐவர் எல்லாப் பாடங்களிலும் தேறினார்கள், அல்ஹம்துலில்லாஹ். இருவர் கணக்கில் தவறினார்கள். அவர்களில் ஒருவர் துணைத்தேர்வில் முடித்துவிட்டார். மற்றவர் வீட்டு நிலைமை காரணமாகப் படிப்பை விட்டுத் தம் மச்சானின் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். கடைக்கு வெள்ளிக்கிழமை மாலை விடுமுறை. அந்த மாலைகளில் மதரஸாவுக்கு வருகிறார். எவரிடமும் அதிகம் பேசுவதில்லை. திரையின் முன் அமர்ந்து கணக்கைத் திறந்து, நிறுத்தி, எழுதி, மறுபடி ஓட்டுகிறார்.

ஓர் ஆண்டில் வன்தட்டு நிறைந்துவிட்டது. புதிய பாடங்களுக்கு இடம் வேண்டி, பழையவற்றில் எதை அழிப்பது என்று பழைய மாணவரும் நானும் ஒரு மாலை பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அறிவியலில் இருமுறை பதிவானவை போயின. ஆங்கிலத்தில் சில போயின. கணக்கிற்கு வந்தபோது, கணினியின் மேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டோம். "உஸ்தாத், கணக்கை மட்டும் அழிக்க வேண்டாம். இன்னும் நாலு பாடம் பாக்கி" என்று எழுதியிருந்தது. அடுத்த வாரம் இரண்டாவது வன்தட்டு ஒன்று வாங்கினோம்.